நெட்வொர்க் டிரைவைத் தொட்டாலே கியூபிட்டோரண்ட் மூடிக்கொள்கிறது, உதவி தேவை

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். பினாங்கு வீட்டில் ஒரு நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி) இருக்கிறது. விண்டோஸ் 11 மடிக்கணினியில் அதை இசட் டிரைவாக இணைத்திருக்கிறேன், வைஃபை வழியாகத்தான். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் நாங்களே எடுத்த வீடியோக்களைக் கோலாலம்பூர், ஈப்போ நண்பர்களுக்கு கியூபிட்டோரண்ட் மென்பொருள் மூலம் டோரண்டில் (கணினிக்குக் கணினி நேரடியாகக் கோப்பைப் பகிரும் முறை) அனுப்புகிறோம். கோப்பு சி டிரைவில் இருந்தால் சிக்கலே இல்லை. இசட்டுக்கு மாற்றி மறுசோதனை (கோப்பு முழுதாகச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது) கொடுத்தால், பாதியில் மென்பொருள் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. எக்ஸ்ப்ளோரரில் அதே வீடியோ நன்றாக ஓடுகிறது.

ஈப்போ தம்பி:
அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கிறீர்களா அண்ணே? அப்படித் திறந்தால், சாதாரணமாக இணைத்த இசட் டிரைவு அதன் கண்ணுக்கே தெரியாது. \\192.168.1.20\வீடியோ என்பதுபோல் முழு முகவரி கொடுத்துப் பாருங்கள்.

ஜெலுத்தோங்வாசி:
இல்லை தம்பி, சாதாரணமாகத்தான் திறக்கிறேன். முழு முகவரி கொடுத்தும் அதே கதை. விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் பிழை எண் சி0000006 என்று இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
அந்த எண்தான் துப்பு. நினைவகத்துக்கு வரவேண்டிய பக்கத்தை, அதாவது கோப்பின் ஒரு துண்டை, விண்டோஸால் கொண்டுவர முடியவில்லை என்று பொருள்.

கியூபிட்டோரண்டுக்குள் வேலை செய்வது லிப்டோரண்ட் என்ற நூலகம். அதன் 1.2 பதிப்பு கோப்பைச் சாதாரணமாகப் படித்து எழுதும். 2.0 பதிப்போ கோப்பையே நினைவகத்தின் ஒரு பகுதிபோல விரித்து வைத்துக்கொள்ளும். உள்ளூர் வட்டில் அது நல்ல ஏற்பாடு. கோப்பு வைஃபைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும், 'படிக்க முடியவில்லை' என்று பதில் சொல்ல வழியில்லை, மென்பொருளே விழுந்துவிடும். லினக்ஸிலும் இதே கூத்து உண்டு, அங்கே அதற்கு சிக்பஸ் என்று பெயர்.

ஹெல்ப், அபவுட் பக்கத்தில் லிப்டோரண்ட் பதிப்பைப் பாருங்கள். 2.0 என்றால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் 'டிஸ்க் ஐஓ டைப்' இருக்கும். அதை 'போசிக்ஸ் கம்ப்ளையன்ட்' என்று மாற்றி, மென்பொருளை மூடித் திறக்கவும். அந்த வசதி உங்கள் பதிப்பில் இல்லையென்றால் 1.2 உள்ள நிறுவியைப் போடலாம்; பெயரில் எல்டி20 (லிப்டோரண்ட் 2.0) என்று இருப்பது வேண்டாம்.

ஈப்போ தம்பி:
வைஃபையை விட்டுக் கேபிள் போட்டாலே போதாதா?

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
குறையும், தீராது. நாஸை ரீஸ்டார்ட் செய்தாலோ ரவுட்டர் அணைந்தாலோ மறுபடி விழும். ஆனால் கேபிள் போடுவது எப்படியும் நல்லது. என்னைக் கேட்டால், நாஸில் டாக்கர் வசதி (மென்பொருளை அந்தப் பெட்டியிலேயே ஓட்டும் வழி) இருந்தால் டோரண்டை அங்கேயே ஓட்டுங்கள். வட்டும் மென்பொருளும் ஒரே பெட்டியில். நடுவில் நெட்வொர்க்கே கிடையாது.

ஜெலுத்தோங்வாசி:
2.0தான் இருந்தது. மாற்றியபின் மறுசோதனை முழுதாக முடிந்தது, நன்றி அண்ணே! நாஸில் டாக்கர் இல்லை, பழைய பெட்டி. இனி வைஃபை அறுந்தால் என்ன ஆகும்?

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
இசட்டில் இருக்கும் டோரண்ட் மட்டும் பிழை காட்டி நிற்கும், மற்றவை ஓடும். இணைப்பு வந்ததும் வலது சொடுக்கில் மறுசோதனை கொடுத்துத் தொடரச் சொல்லுங்கள். முடியாத கோப்புகளுக்குத் தற்காலிக இடமாகச் சி டிரைவையே வையுங்கள். முடிந்ததும் அதுவே இசட்டுக்கு நகர்த்திவிடும்.