நிக் டிரேக் பாட்டுக்குச் சுருதி இறக்கினால் ஆறாம் கம்பி இரைகிறது

ஊசிநூல்:
வணக்கம். வயது 49, தையல்காரன். மதுரைப் புதுமண்டபத்தில் இருந்த கடை இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறது. கிட்டாரோடு எனக்கு ஆறு மாதப் பழக்கம்தான். இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கோடு 22 வருடம்.

புதுமண்டபத்துக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் ஒரு சட்டையைக் கொடுத்து, அச்சு அசலாக அதேபோல் இரண்டு தைத்துக் கேட்பார்கள். அப்படி வந்த ஒருவர், சட்டையை வாங்கிக்கொண்டு ஒரு சிடியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ‘பிங்க் மூன்’, 1972இல் வந்த டிரேக்கின் தொகுப்பு. ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரே ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. மொத்தம் 28 நிமிடம். ஒரு சட்டைக்குக் காலரும் கஃப்பும் ஏற்றி முடிக்கும்போது அதுவும் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஓடவிடுவேன். “இவன் இன்னும் அழுது முடிக்கவில்லையா?” என்பார் பக்கத்துக் கடை அண்ணன்.

சந்தேகம் இதுதான். தலைப்புப் பாட்டுக்கு தடித்த ஆறாம் கம்பியிலிருந்து சி, ஜி, சி, எஃப், சி, ஈ என்று சுரம் வைத்து, இரண்டாம் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட வேண்டும். அப்படி இறக்கினால் ஆறாம் கம்பி தொளதொளத்துப்போய் ஃபிரெட்டில் பட்டு இரைகிறது. மெஷினில் மேல்நூல் டென்ஷன் தளர்ந்தால் துணிக்கு அடியில் கண்ணி கண்ணியாகத் தொங்குமே, அதே கதை. மெஷினில் எந்தத் திருகை இறுக்குவது என்று தெரியும். இதில் தெரியவில்லை.

ஆறுகம்பி:
திருகை விட்டுவிடுங்கள், கம்பியை மாற்றுங்கள். உங்களிடம் இருப்பது லைட் செட்டாக, அதாவது மெல்லிய கம்பிகளாக இருக்கும். ஆறாம் கம்பி 0.053 அங்குலம். மீடியம் செட்டில் 0.056 வரும். தடித்த கம்பி இறக்கினாலும் விறைப்பாக நிற்கும். ஒரு எச்சரிக்கை: இந்தச் சுருதியில் இரண்டாம் கம்பியை மட்டும் அரை சுரம் ஏற்றுகிறீர்கள். அந்த இடத்தில் மெல்லிய பழைய கம்பியே இருக்கட்டும். தடித்ததை முறுக்கி முகத்தில் அடி வாங்கியவன் சொல்கிறேன்.

பேரையூரான்:
தப்பாக நினைக்காதீர்கள் அண்ணே. நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்துக்காரர் பாட்டுக்கு இவ்வளவு பாடா? வார்த்தையாவது புரிகிறதா?

ஊசிநூல்:
பாதி புரியாது தம்பி. நையாண்டி மேளம் எனக்கும் பிடிக்கும். அது ஊருக்கே வாசிப்பது. என் அம்மா களையெடுக்கும்போது வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பார். பக்கத்து வரிசையில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. டிரேக் பாடுவதும் அப்படித்தான். மேடை அவருக்கு ஒத்துவரவில்லை. உயிரோடு இருந்தவரை எந்தத் தொகுப்பும் 5,000 பிரதிகள்கூடப் போகவில்லை என்கிறார்கள். 1974இல் 26 வயதில் போய்ச் சேர்ந்தார். வார்த்தை நழுவினாலும், கம்பி மேல் அவர் விரல் வழுக்குகிற ‘கிறீச்’ வரும் இடமெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ரங்கூன்பேத்தி:
இங்கிலாந்துக்காரர்தான், ஆனால் பிறந்தது ரங்கூனில், 1948இல். அவருடைய அப்பா அங்கே தேக்கு வியாபாரக் கம்பெனியில் என்ஜினியர். அதே ஊரில் பிறந்த என் தாத்தா 1964இல் ஒரு தகரப்பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கினார். டிரேக்கின் அம்மா மாலியும் பியானோ வாசித்துத் தானே பாட்டு எழுதியவர். வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த அவர் பாட்டுகள், அவர் காலத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தன. உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டுப்பாருங்கள் அண்ணா.

ஊசிநூல்:
கம்பி மாற்றி நான்கு நாள் ஆகிறது. இரைச்சல் நின்றுவிட்டது. இரண்டாம் கம்பியைப் பழையதாகவே விட்டேன், நன்றி ஆறுகம்பி. இன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் முதல் நான்கு வரிக்கு மட்டும் தட்டுத்தடுமாறி வாசித்தேன். பக்கத்துக் கடை அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு எட்டிப்பார்த்து, “இது அந்த அழுகைக்காரன் பாட்டுதானே?” என்றார்.

கண்டுபிடித்துவிட்டார்! மாலியின் பாட்டை நாளைக்குக் கேட்கிறேன். இரண்டு பாவாடைக்கு ஓரம் அடிக்க வேண்டியிருக்கிறது.