போஸ்ட்மேன்ல (ரிக்வெஸ்ட் அனுப்பி டெஸ்ட் பண்ற ஆப்) வருது, பிரவுசர்ல அனுப்பினா ரெக்.பாடி (சர்வர் கைக்கு வர்ற டேட்டா) காலி. ஏன்?

அரைபிராக்கெட்:
ரெண்டு நாளா மண்டை காயுது. ரியாக்ட்ல சின்ன ஃபார்ம், பேரும் ஃபோன் நம்பரும் தான், லோக்கல்ஹோஸ்ட் போர்ட் 5173ல ஓடுது, சர்வர் எக்ஸ்பிரஸ் 4, அது 3000ல. ஃபெட்ச்ல (பிரவுசர்ல இருந்து ரிக்வெஸ்ட் அனுப்புற ஃபங்ஷன்) போஸ்ட் பண்ணா சர்வர் கன்சோல்ல ரெக்.பாடி வெறும் {} தான் வருது. வர்ற ஜேசன் டேட்டாவ பிரிச்சு ரெக்.பாடில வைக்கிற எக்ஸ்பிரஸ்.ஜேசன்() போட்டிருக்கேன். அதே டேட்டா போஸ்ட்மேன்ல அனுப்பினா அழகா வந்து உக்காருது.

டீக்கடைஜேஎஸ்:
ஆப்ஜெக்ட்ட அப்படியே பாடில குடுத்துட்டீங்களா? ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை பண்ணி டெக்ஸ்டா மாத்தலன்னா [ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]னு தான் போய் சேரும்.

அரைபிராக்கெட்:
பண்ணிருக்கேன் ப்ரோ, ஹெடர்ல கன்டென்ட்-டைப் அப்ளிகேஷன்/ஜேசன்னும் இருக்கு.

நைட்ஷிஃப்ட்:
கோட நம்பாதீங்க. பிரவுசர் டெவ்டூல்ஸ்ல நெட்வொர்க் டேப்ல அந்த ரிக்வெஸ்ட்ட க்ளிக் பண்ணி, நிஜமா என்ன ஹெடர் போயிருக்குன்னு பாருங்க.

அரைபிராக்கெட்:
அட, டெக்ஸ்ட்/பிளெய்ன்னு இருக்கு! யாரு மாத்துனா?

நைட்ஷிஃப்ட்:
ஃபெட்ச்ல மோட்: நோ-கோர்ஸ்னு ஒரு வரி இருக்கா? முதல்ல கோர்ஸ் எரர் (வேற இடத்து சர்வர், அது பர்மிஷன் தரலன்னு பிரவுசர் தடுக்கறது) வந்திருக்கும், எங்கயோ பாத்து அத ஒட்டிருப்பீங்க. அது எரர சரி பண்ணாது, வாயை மட்டும் பொத்தும். நோ-கோர்ஸ்ல பிரவுசர் சாதா ஹெச்டிஎம்எல் ஃபார்ம் அனுப்புற டைப்ப மட்டும் தான் விடும், நீங்க குடுத்த ஜேசன் ஹெடர சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும், எரர் கூட வராது. எக்ஸ்பிரஸ்.ஜேசன் அந்த டைப்ப பாத்துட்டு இது நம்ம சரக்கு இல்லன்னு தொடாமலே விட்டுடும், அதான் {}. போஸ்ட்மேனுக்கு இந்த கட்டுப்பாடே கிடையாது.

அந்த வரிய எடுத்துட்டு சர்வர்ல கோர்ஸ் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணி ஆப்.யூஸ்(கோர்ஸ்()) போடுங்க. போர்ட் மாறினாலே பிரவுசருக்கு அது வேற ஊரு, அதனால ஜேசன் போஸ்ட்டுக்கு முன்னாடி ஆப்ஷன்ஸ்னு ஒண்ணு அனுப்பி பர்மிஷன் கேக்கும், டேப்ல ரெண்டு ரிக்வெஸ்ட் தெரிஞ்சா பயப்படாதீங்க.

டீக்கடைஜேஎஸ்:
அப்படியே இதையும் பாத்துக்குங்க, சர்வர் 404, 500 குடுத்தாலும் ஃபெட்ச் எரர பிடிக்கிற கேட்ச்சுக்குள்ள போகாது, ரெஸ்பான்ஸ்.ஓகே நாம தான் செக் பண்ணணும். ஆக்சியோஸ்ல (ரிக்வெஸ்ட் அனுப்புற லைப்ரரி, அதுல தானா கேட்ச்சுக்குப் போயிடும்) இருந்து மாறினப்ப நான் இதுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அரைபிராக்கெட்:
ஆமா அந்த வரி இருந்துச்சு, வெக்கமா இருக்கு. இப்ப பேரு, நம்பர் ரெண்டும் வந்துடுச்சு. ஆனா கோர்ஸ ரூட்டுக்கு (போஸ்ட்ட வாங்குற கோடு) கீழ போட்டுட்டு இன்னும் ஏன் எரர்னு அரை மணி நேரம் முழிச்சேன், மேல ஏத்தினப்புறம் தான் ஓடுச்சு.