இந்த ஒரு க்ளூ மட்டும் சிக்க மாட்டேங்குது
மக்களே, பேப்பர்ல வந்த சொல்விளையாட்டுக் குறுக்கெழுத்துல ஒண்ணே ஒண்ணு பாக்கி. 'தலையிழந்த முடி தண்ணீர் தாங்கும் (3)', அதாவது விடை மூணெழுத்து. குறுக்க வர்ற விடைகளால முதல்ல 'கு'வும் கடைசில 'ம்'மும் கிடைச்சிருச்சு, நடு எழுத்துதான் இல்ல, குளம்னு போட்டா தண்ணிக்குப் பொருந்துது ஆனா அதுல முடி எங்க வருது? 'தலையிழந்த'ன்னா முடியக் குறிக்கிற சொல்லோட முதலெழுத்த வெட்டணும்னு புரியுது, கூந்தல், கேசம்னு எதை வெட்டினாலும் உருப்படியா ஒண்ணும் வரல. 'கொடு மானை, பூ தரேன் (3)'னா கொடுக்கு தா, மானுக்கு மரை, சேத்தா தாமரைன்னு ஒட்டுற வகையெல்லாம் டக்குன்னு வந்துரும், இந்த வெட்டுற வகைதான் படுத்துது. விடைய நேரா சொல்லிடாதீங்க ப்ளீஸ், முடிய எந்த அர்த்தத்துல எடுக்கணும்னு மட்டும் ஒரு ஹிண்ட் குடுங்க. அப்புறம், விடையோட நேரடிப் பொருளைச் சொல்ற பகுதி க்ளூவோட முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு நீங்கல்லாம் எப்படிப் பிரிச்சுப் பாக்குறீங்க?