‘வேடர்’ வேண்டாம், ‘நீர்நடைப் பறவை’ சரிவருமா?

வணக்கம்.

நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கான தமிழ்ப் படிவம் ஒன்றில் ‘வேடர்’ (wader, ஆழமில்லாத நீரில் நடந்து இரை தேடும் பறவை) என்று ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதியிருந்ததைப் பார்த்தேன். பறவைகளைப் பற்றிய தாளில் வேடர் என்று போட்டால் யாருக்கும் வில்லும் வலையும்தான் நினைவுக்கு வரும். மாற்றியே ஆக வேண்டும்.

அதற்குப் பதிலாக ‘கரைப்பறவை’ போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான், மூக்கன் வகைகளுக்கு அது நல்ல சொல், புழக்கத்திலும் இருக்கிறது. அதை அவற்றுக்கே விட்டுவிடலாம். ஆங்கிலத்திலேயே இதில் குழப்பம் உண்டு. பிரிட்டனில் வேடர் என்றால் உள்ளான் கூட்டம். அமெரிக்காவில் ‘வேடிங் பேர்ட்’ என்றால் நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன் போன்ற பெரிய பறவைகள். நாம் பெயர் தேடுவது இவற்றுக்குத்தான். ‘நெடுங்காலி’ என்றால் நெடுங்கால் உள்ளானோடு மோதும். ‘கொக்கினம்’ என்றால் பூநாரைக்கு இடமில்லை.

அவை இரை தேடும் விதத்தைப் பார்த்துப் பெயர் வைப்போமே. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ரேடியல் சாலை ஓரம் நின்று மஞ்சள் மூக்கு நாரை ஒன்றை வெகுநேரம் பார்த்தேன். பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு இடமும் வலமும் துழாவிக்கொண்டே ஒவ்வோர் அடியாக நகர்ந்தது. நடுநடுவே ஒரு காலால் சேற்றைக் கலக்கியது. மீன் அலகில் பட்டதும் சட்டென்று மூடிக்கொண்டது. அப்பால் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை அரித்தபடி நடந்தன. கரண்டிவாயனும் அப்படித்தான், நடந்துகொண்டே துழாவும். கூழைக்கடா மட்டும் நீந்திப் போனது. நீந்தாமல் நீருக்குள் நடந்தே இரை தேடுவதுதான் இந்தக் கூட்டத்தின் அடையாளம்.

அதனால் என் பரிந்துரை ‘நீர்நடைப் பறவை’. வெளியிலிருந்து வருபவற்றுக்கு ‘வலசை நீர்நடைப் பறவை’. ‘இடம்பெயர்’ வேண்டாம். அது வீடிழந்தவர்களுக்கான சொல்லாகிவிட்டது. குமரியில் நீராடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையைத் தூது விட்டார் சத்திமுத்தப் புலவர். அந்தப் போக்குவரத்துக்கு நம்மிடம் ‘வலசை’ இருக்கும்போது வேறு எதற்கு?

ஒன்று மட்டும் இடறுகிறது. குருட்டுக்கொக்கு பெரும்பாலும் நடப்பதில்லை, கரையோரம் அசையாமல் காத்துக் கிடக்கும். அப்புறம் அதை எதில் சேர்ப்பது? வயல்வெளியில் அதை நாள்தோறும் பார்ப்பவர்கள் சொல்லுங்கள். ஜனவரிக் கணக்கெடுப்புக்கு முன் படிவத்தைத் திருத்திவிடலாம்.