மறு: மூளையுறை அழற்சியும் மீயொலியும் – 'குருதியோட்ட அளவீடு' பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

மூளையுறை அழற்சி (meningitis) கண்ட குழந்தையின் தலையில் மீயொலிக் (ultrasound) கருவியை வைத்துச் செய்யும் சோதனைக்கு முன்மடலில் 'மூளைக் குருதியோட்ட அளவீடு' என்னும் பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. சொல்ல எளிதான பெயர்தான். ஆனால், கருவி செய்யாத வேலையை அதன்மேல் ஏற்றிவிடுகிறது.

1982இல் ரூனே ஆஸ்லிட் குழுவினர் விவரித்த இம்முறையில், ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் மீயொலி நெற்றிப்பொட்டின் மெல்லிய எலும்பை ஊடுருவிச் சென்று, நடு மூளைத் தமனியில் ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்புகிறது. அதன் அதிர்வெண் மாற்றத்திலிருந்து கிடைப்பது வேகம் மட்டுமே. குழாயின் விட்டம் தெரியாமல் எத்தனை மில்லிலிட்டர் குருதி போகிறது என்று சொல்ல முடியாது. இந்நோயில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. மூளையின் அடிப்பரப்பில் தேங்கும் அழற்சிக் கசிவால் தமனி குறுகினாலும் வேகம் ஏறும். காய்ச்சலாலோ குருதிச்சோகையாலோ ஓட்டமே மிகுந்தாலும் வேகம் ஏறும். முன்னதில் மூளைக்குக் குருதி குறையக்கூடும், பின்னதில் கூடுகிறது. கழுத்துத் தமனியின் வேகத்தோடு ஒப்பிட்டு மருத்துவர் பிரித்தறிய வேண்டியதைப் பெயரே முடிவுசெய்துவிடலாகாது.

ஆகவே இச்சோதனைக்கு (transcranial Doppler) 'மண்டையூடு டாப்ளர்' என்பதே என் பரிந்துரை. விளக்கம் வேண்டிய இடத்தில் 'மண்டையூடு குருதிவேக மீயொலி' எனலாம். டாப்ளர் என்பது மேற்சொன்ன அதிர்வெண் மாற்றத்தை விளக்கிய இயற்பியலாளரின் பெயர், அதைத் தமிழாக்க வேண்டியதில்லை. ஒலி நுழையும் இடத்தைப் 'பொட்டுச் சாளரம்' என்போம். கைக்குழந்தைகளுக்கு உச்சிக்குழி வழியாகவும் பார்க்க முடியும். பாட்டிமார் எண்ணெய் வைக்கும் அதே உச்சிக்குழிக்குப் புதுச்சொல் எதற்கு?

சிக்கல் இச்சோதனையில் பெறும் 'pulsatility index' என்னும் அளவைத் 'துடிப்பெண்' எனத் தமிழாக்குவதில்தான் இருக்கிறது. இதயம் சுருங்கும்போதுள்ள உச்ச வேகத்திலிருந்து அது தளரும்போதுள்ள வேகத்தைக் கழித்து, சராசரி வேகத்தால் வகுத்துப் பெறும் இக்குறியெண், மூளை வீங்கி மண்டையோட்டினுள் அழுத்தம் ஏறும்போது, தளர்வுக்கட்ட ஓட்டம் முதலில் நலிவதால் உயர்கிறது. 'துடிப்பெண்' என்று எழுதினால் செவிலியர் அதை நாடித்துடிப்பின் எண்ணிக்கை என்றே கொள்வர். 'அலைவுக் குறியெண்' குறுகியதுதான், எனினும் அலைவு இயற்பியலில் ஊசலுக்கு வழங்கும் சொல். 'வேக ஏற்றத்தாழ்வுக் குறியெண்' நீளமாயினும் பொருள் பிறழவில்லை என்பதால் அதையே ஏற்பேன். இதே பொருளில் சுருக்கமான சொல் எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.