பூக்கார அக்கா திருத்திய கட்டைவிரல்

தொடர்ந்து வரையத் தெம்பு கொடுத்தது யார் என்று நம் ஓவியக் குழுவில் ஒவ்வொருவரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு வருகிறேன். எனக்கு அது ஒரு பூக்கார அக்கா சொன்ன திருத்தம்.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். நாற்பது வயதுக்கு மேல்தான் பென்சிலை எடுத்தேன். ஓவியர் இளையராஜா வரைந்த கிராமத்துப் பெண்கள்மேல் அப்படி ஒரு பித்து. சேலை மடிப்பில் விழும் அந்த வெளிச்சம் எனக்கும் வர வேண்டும் என்று, போட்டோவில் கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டு, மூன்று மாதம் ஒரே முகத்தோடு மல்லுக்கட்டினேன். மூக்கும் உதடும் அச்சாக வந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் "போட்டோ மாதிரியே இருக்கு" என்றார்கள். ஒரு ஓவிய ஆசிரியரிடம் கொண்டுபோனேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இந்த வயசுல கை வளையாது சார்" என்றார். வெகுநாள் நோட்டைத் தொடவே இல்லை.

ஒரு சாயங்காலம் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பக்கம் மனைவிக்காகக் காத்திருந்தபோது, சட்டைப்பையில் இருந்த பால்பாயிண்ட் பேனாவால் எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவை வரைந்தேன். கூட்டம் குறைந்ததும் அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கட்டைவிரல் அழுத்தவே இல்லியே தம்பி. இப்படிப் பிடிச்சா பூவெல்லாம் கொட்டிடும்."

பிறகு எனக்காக மெதுவாகக் கட்டிக் காட்டினார். நனைத்த வாழைநார். இந்தப் பக்கம் இரண்டு மல்லி, அந்தப் பக்கம் இரண்டு. காம்புகளை இடது கட்டைவிரல் இறுக்கிக்கொள்ள, வலது கை நாரைச் சுற்றி, மடக்கி, சுண்டி இழுக்கும். இழுக்கும் நொடியில் கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகிறது. அவ்வளவு நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தும் அதை நான் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அந்த விரலையே திரும்பத் திரும்ப வரைந்தேன். விரல் அழுத்தும் இடத்தில் என் பேனாவும் தானாக அழுத்தியது, கோடு தடித்தது. மற்ற இடமெல்லாம் மெல்லிசாக ஓடியது. பென்சிலில் ரப்பரை வைத்துக்கொண்டு வரைந்த காலத்தில் இந்த அழுத்தமே வந்ததில்லை. அதற்குப் பிறகு செருப்புத் தைப்பவர், பரோட்டா மாஸ்டர், சில்லறை எண்ணும் கண்டக்டர் என்று கைகளாகவே வரைகிறேன். பெயர் எழுதாத தாளைப் பார்த்துக்கூட, "இது உங்க கோடுதானே" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

வரையக் கற்க வயதாகிவிட்டது என்று போன வாரம் உங்களில் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல் ஓவியர் கிராமத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1966-ல் அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் பிறந்தவர். ஜாதகக் கட்டமும் எழுத்தும் கணக்குக் குறிகளும் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை அவர் ஆரம்பித்தது 1963-ல். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர், கைதேர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியபின் பழகிய வழியை விட்டுவிட்டுப் புதுசாகத் தேடியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு நிஜமாகவே மூச்சு வந்தது.

போன மாதம் புது நோட்டை அக்காவிடம் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பரோட்டா மாஸ்டர் பக்கத்தில் நிறுத்தி, "பாவம், காலையிலேர்ந்து வீசுறாரு போல. மணிக்கட்டு தளர்ந்துபோச்சு பாரு" என்றார்.