பூனைக்கு இரத்தச்சோகை: இரும்புச்சத்து டானிக் மட்டும் போதுமா?

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு)

வணக்கம். வெளியே சுற்றித் திரியும் எங்கள் நான்கு வயது ஆண் பூனை சில நாளாகச் சோர்ந்து படுத்தே கிடக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறி, லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 16 விழுக்காடு என்றும், பூனை லுகேமியா வைரஸ், எஃப்.ஐ.வி. (பூனையின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வைரஸ்) இரண்டும் இல்லை என்றும் சொன்னார்கள். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை தந்து, இன்னும் சில பரிசோதனைகள் வேண்டும் என்கிறார்கள். மாமியாரோ, ஈரலும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தாலே இரத்தம் ஊறிவிடும் என்கிறார். அது போதாதா?

பதில் 1 (கால்நடை மருத்துவர், பட்டர்வொர்த்)

போதாது, அம்மா. இரத்தச்சோகை என்பது நோயின் அறிகுறியே. இரத்தம் வெளியே போகிறதா, உள்ளேயே அழிகிறதா, எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி குறைந்துவிட்டதா என்று தெரியாமல் மருந்து கொடுப்பதில் பயனில்லை. பூனைக்கு பி.சி.வி. ஏறத்தாழ 25 முதல் 45 வரை இருக்க வேண்டும். தெள்ளுப்பூச்சியோ கொக்கிப்புழுவோ நெடுநாள் இரத்தம் உறிஞ்சியிருந்தால்தான் இரும்புச்சத்து குறையும். சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே உடையும்போது அவற்றின் இரும்பு வெளியேறிவிடுவதில்லை. ஈறில் மஞ்சள் தெரிவதால், உங்கள் பூனைக்கு நடப்பது இந்த உடைதல்தான் என்று சந்தேகிக்கிறேன். ஈரலைத் தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பைப் பாதிக்கும்.

இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளின் எண்ணிக்கையை முதலில் கேளுங்கள். அது உயர்ந்திருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் அவை பெருக நான்கைந்து நாள் பிடிக்கும் என்பதால், தொடக்கத்தில் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தத்தோடு உப்புநீர் கலந்தபின்னும் மணல் போலத் திரண்டு நின்றால், உடலின் எதிர்ப்பாற்றலே தன் அணுக்களைத் தாக்குகிறது எனலாம். அதற்கு அந்த எதிர்ப்பாற்றலை அடக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தேவைப்படும். சிவப்பணுக்கள் உடைய இன்னொரு காரணம், அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் என்னும் கிருமி. அது ஒரு நாள் தகட்டில் தெரியும், மறுநாள் தெரியாது. ஆகவே கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்வதே நம்பகமானது. மாத்திரை தொடங்குமுன் எடுத்த இரத்தம் மீதமிருந்தால் அதையே அனுப்பச் சொல்லுங்கள்.

பதில் 2 (செந்தூல், கோலாலம்பூர்)

டாக்சிசைக்ளினை வெறுமனே விழுங்க வைக்காதீர்கள். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகி, குழாயே அங்கு சுருங்கிவிடும். மாத்திரைக்குப் பின் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோ சிறிது உணவோ கொடுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட சூப்பும் பனடோலும் (பாராசிட்டமால்) பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதையும் வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். எங்கள் கிழட்டுப் பூனைக்குக் காரணம் சிறுநீரகம். அங்கே சுரந்து சிவப்பணு உற்பத்தியைத் தூண்ட வேண்டிய எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் குறைந்ததால் மருத்துவம் முற்றிலும் வேறாக இருந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், வீட்டிலுள்ள இன்னொரு பூனையிடமிருந்து எடுக்கலாமா?

பதில் 3 (கால்நடை மருத்துவர், பட்டர்வொர்த்)

வகை பார்த்த பிறகே எடுக்கலாம். பூனைகளில் ஏ, பி, ஏபி என மூன்று வகை உண்டு, பெரும்பாலானவை ஏ. பி வகைப் பூனைக்கு ஏ இரத்தம் ஏற்றினால், அது முதல் முறையே ஆனாலும், உயிருக்கே ஆபத்து. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் போன்ற இனங்களில் பி கூடுதலாகக் காணப்படும். கொடுக்கும் பூனைக்கும் லுகேமியா, எஃப்.ஐ.வி., மைக்கோபிளாஸ்மா இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இரத்தம் ஏற்றுவதா வேண்டாமா என்பதை 16 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. பூனை சாப்பிட்டு நடமாடுகிறதென்றால் இரண்டொரு நாளில் பி.சி.வி. மீண்டும் பார்த்தால் போதும். வாய் திறந்து மூச்சிரைத்தாலோ எழ முடியாமல் துவண்டாலோ, விடியும்வரை காத்திராமல் அன்றிரவே தூக்கிச் செல்லுங்கள்.